உறைமழைக்கு முன் ஓர் உதவி

ஸ்கார்பரோ நண்பர்களே, நாளை இரவு பனியாகத் தொடங்கி உறைமழையாக மாறும் என்று முன்னறிவிப்பு சொல்கிறது. வெறும் பனி என்றால் அள்ளிப் போட்டுவிடலாம். உறைமழை மோசம்: மேலே இளஞ்சூடான காற்றில் பனி உருகி விழும் நீர், கீழே உறைகுளிரில் இருக்கும் கிளையையும் மின்கம்பியையும் தொட்டதும் உறைந்து பாரமேற்றிவிடும். 2013 டிசம்பரில் டொரன்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது இப்படித்தான்.

அம்மாவின் ஆக்சிஜன் கருவி கரண்டில்தான் ஓடுகிறது. கையிருப்பு சிலிண்டர் ஓர் இரவுக்கே தாங்கும். எக்ளிங்டன் பக்கம் யாரிடமாவது கேம்பிங்குக்கு எடுத்துப்போகும் பெரிய பேட்டரி இருந்தால் இரண்டு நாள் இரவல் தர முடியுமா? ஜெனரேட்டர் வேண்டாம், இது அடுக்குமாடி, கார்பன் மோனாக்சைடு ஆபத்து. நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அப்புறம், கரண்ட் போனால் ஹீட்டருடன் திறந்திருக்கும் சமூகக்கூடம் பக்கத்தில் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.