மூணாறு குளிரில் கத்தரி: ஜூன் மழைக்கு முன்னால் காய் பார்க்க என்ன வழி?

லயத்துக் கொல்லை (மூணாறு), நவம்பர் 18

வணக்கம். மூணாறிலிருந்து குண்டளை போகிற பாதையில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறோம். முப்பத்தொரு வருஷம் கொழுந்து கிள்ளினேன், இப்போது வீட்டோடு இருக்கிறேன். லயத்துக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண் இருக்கிறது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் குறை வைக்காமல் வருகின்றன. கத்தரி மட்டும் மூன்று வருஷமாகக் கைக்கு வரவில்லை.

அம்மா பிறந்தது சங்கரன்கோவில் பக்கம். கூட்டாஞ்சோறு என்றால் அதில் வெள்ளைக் கத்தரிக்காய் விழுந்தாக வேண்டும். இங்கே கடைக்கு வருவது கம்பத்திலிருந்து லாரி ஏறி வந்து வாடிப்போன ஊதாக் காய்தான். அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் விதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறேன்.

எங்கள் பிரச்சினை நாள் பற்றாமைதான். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை புல் மேல் உப்புத் தூவினது போல உறைபனி கிடக்கும். பிப்ரவரி கடைசியில்தான் மண் கொஞ்சம் சூடு பிடிக்கும். ஜூன் முதல் வாரம் மழை இறங்கினால் ஆகஸ்ட் வரை துணி காய வைக்கக்கூட வெயில் இல்லை. செப்டம்பரில் கொஞ்சம் வெளிச்சம் வரும், அதை நம்பி நட்டால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். ஆக, கத்தரிக்குக் கிடைப்பது மூன்றே மாதம். விதைப் பாக்கெட்டில் 130 நாள் என்று போட்டிருக்கிறது.

போன வருஷம் பிப்ரவரி 10 அன்று மண்ணில் நேராகத் தூவினேன். முளை தெரிய 19 நாள் ஆனது. ஏப்ரல் நடுவில் நாலு இலை. மே கடைசியில் பூ, ஜூனில் மழை, பூ எல்லாம் உதிர்ந்தது. கோலிக்குண்டு அளவில் ஒரு காய் நின்று அதுவும் அழுகியது.

இன்னொன்று. அதில் ஒரு செடியை அப்போது பழைய பெயின்ட் வாளிக்கு மாற்றி இறவாரத்தில் வைத்தேன். இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கவாத்து பண்ணினால், அதாவது கிளையை வெட்டிவிட்டால், துளிர்க்குமா?

மறையூர் விவசாயி, நவம்பர் 18

அக்கா, உங்களுக்கும் எனக்கும் நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் இங்கே மழை மறைவு, மலை தடுத்து மழை குறைவாகவே வரும், அதனால் கத்தரி சும்மா வரும். எங்கள் மாமா வீடு வட்டவடையில், அங்கே உங்கள் குளிரேதான். அவர்கள் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 130 நாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஊர்ப் பாக்கெட்டில் போடுவது விதைத்ததிலிருந்து கடைசிப் பறிப்பு வரை உள்ள மொத்த வயது. சமவெளியில் நாற்றை நட்டு 55, 60 நாளில் முதல் காய் பறிப்பார்கள். உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மூன்று மாதம் போதும். ஆனால் அந்த மூன்று மாதத்தை முளைப்புக்கும் நாற்றுக்கும் செலவழித்துவிட்டீர்கள். அவை இரண்டும் குளிர்காலத்திலேயே, வீட்டுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

கத்தரி விதைக்கு 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். அது கிடைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். அத்தை செய்வது இதுதான்: விதையை ராத்திரி முழுக்க ஊற வைத்து, ஈரத் துணியில் கட்டி, டிபன் பாக்ஸில் போட்டு அடுப்புத் திண்டின் ஓரத்தில் வைப்பார். கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிகிற இடம், சுடுகிற இடம் அல்ல. தினமும் பிரித்துப் பார்ப்பார். வெள்ளையாக வேர் நுனி எட்டிப் பார்த்ததும் ஒவ்வொன்றாக எடுத்து மண் நிரப்பிய தயிர்க் கப்பில் வைப்பார். பகலில் வாசல் வெயில், நாலு மணிக்கு உள்ளே.

ஜனவரி பிறந்த உடனே இதைத் தொடங்குங்கள். மார்ச் முதல் வாரம் ஏழெட்டு இலையோடு நாற்று நிற்கும். அவசரப்பட்டுக் குளிர்ந்த மண்ணில் வைத்தால் செடி அப்படியே விறைத்து நின்றுவிடும். பாத்திக்கு மேல் இரண்டு வாரம் முன்னதாகவே கறுப்புப் பாலித்தீன் விரித்து மண்ணைச் சுட வையுங்கள். தேயிலை நாற்றங்காலில் கழித்துப் போடுகிற பைகளை வெட்டி விரித்தாலும் போதும்.

வாளிச் செடியைத் தாராளமாகக் கவாத்து பண்ணுங்கள். ஆனால் இப்போது வேண்டாம். துளிர் உறைபனியில் கருகிவிடும். பிப்ரவரி நடுவில் அரை அடி விட்டு வெட்டுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர், நவம்பர் 19

தம்பி நாளைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா, தேயிலை வளர்கிற மண் நல்ல புளிப்பு மண். தேயிலைக்கு அது வேண்டும், கத்தரிக்கு ஆகாது. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் சுண்ணாம்போ, டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் பொடியோ தூவிக் கிளறி விடுங்கள். அதே நாளில் சாணத்தையோ உரத்தையோ சேர்க்க வேண்டாம், இடைவெளி விடுங்கள்.

மூன்று வருஷத்தில் செடி எதுவும் காலையில் நன்றாக இருந்து, மத்தியானம் பச்சையாகவே தொங்கி, இரண்டு மூன்று நாளில் செத்ததா? எங்கள் பாலக்காடு பக்கம் பெரிய எதிரி அந்த வாடல் நோய்தான். சந்தேகம் வந்தால் தண்டின் அடியை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் முக்கிப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை எதுவும் அடுத்த சில வருஷம் கூடாது, எல்லாம் ஒரே குடும்பம்.

அந்த நோயைத் தாங்குவதற்கென்றே கேரள வேளாண் பல்கலைக்கழகம் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா என்று ரகங்கள் கொடுத்திருக்கிறது. சூர்யா ஊதா, ஹரிதா பச்சை. ஸ்வேதா வெள்ளைக் காய், அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்கள் சங்கரன்கோவில் காயோடு அதிலும் நாலு செடி வைத்துப் பாருங்கள். இன்னொன்று, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் கே.கே.எம் 1. அதுவும் வெள்ளைதான், சின்னச் சின்னதாகக் கொத்தில் காய்க்கும். காய் சின்னதாக இருந்தால் சீக்கிரம் பறிக்கலாம், உங்களுக்கு அது பெரிய லாபம்.

தேவிகுளத்துப் பெண், நவம்பர் 21

அக்கா, நான் தேவிகுளத்தில் பிறந்து இப்போது கனடாவில் எட்மன்டனில் நர்ஸ் வேலையில் இருக்கிறேன். இங்கேயும் பனிக்கும் பனிக்கும் நடுவில்தான் தோட்டம். மார்ச்சில் வீட்டுக்குள் விதைத்து ஜூன் தொடக்கத்தில் வெளியே வைப்போம். இங்குள்ளவர்கள் பெரிய குண்டுக் காய் பக்கமே போவதில்லை. தைவான் நாட்டு பிங் துங் லாங் போல ஒல்லியான நீளக் காயைத்தான் தேடுவார்கள், அது முந்திக்கொள்ளும். நம் ஊரில் அந்த மாதிரி வேண்டுமென்றால் பூசா பர்பிள் லாங் கேளுங்கள். ஒன்று கவனியுங்கள், இங்கே பாக்கெட்டில் போடும் நாள் நாற்று நட்ட பிறகு முதல் காய்க்கு ஆகும் நாள். உங்கள் பாக்கெட் கணக்கோடு அதைக் கலந்துவிடாதீர்கள்.

பூ உதிர்கிறது என்றீர்களே, பூவைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மஞ்சள் கூம்பு இருக்கும். அதன் நுனியைத் தாண்டிப் பச்சையாக ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அது காய் பிடிக்கிற பூ. உள்ளேயே குட்டையாக நின்றால் எப்படியும் உதிரும், அதற்கு வருத்தப்பட வேண்டாம். நீண்ட பூவின் காம்பைப் பத்துப் பதினோரு மணி வெயிலில் விரலால் மெல்லச் சுண்டி விடுங்கள். குளிரில் வண்டு குறைவு, மகரந்தம் தானாக உதிராது.

லயத்துக் கொல்லை (மூணாறு), மே 24

எல்லோருக்கும் நன்றி. முதலில் எழுத முடியவில்லை, மருமகள் பிரசவம்.

டிபன் பாக்ஸில் முளை எட்டாவது நாள் வந்தது. ஒரு தடவை மூடியைத் திறக்காமல் விட்டதில் பாதி விதை பூஞ்சை பிடித்து வீணானது, அதனால் தினமும் பிரிக்க வேண்டும் என்று தம்பி சொன்னதை யாரும் விட்டுவிடாதீர்கள். பதினோரு நாற்று மார்ச் 6 அன்று மண்ணுக்குப் போனது. இரண்டு செடி வாடிச் செத்தன. டம்ளரில் முக்கினேன், சார் சொன்ன அதே பால் நூல். இரண்டும் ஊர் விதை. ஸ்வேதா நாலும் அசையாமல் நிற்கின்றன.

எல்லாவற்றையும் முந்தியது வாளிச் செடிதான். பிப்ரவரி 15 அன்று கவாத்துக் கத்தியால் ஒரே வெட்டு. பத்தாம் நாள் கணுவில் ஊதா நிறத்தில் துளிர். மார்ச் கடைசியில் பூ, சித்திரை முடிவதற்குள் ஏழு காய். நாற்றுச் செடிகளில் இப்போதுதான் பறிக்கிறேன், இதுவரை ஒன்றே முக்கால் கிலோ. கோழி முட்டை அளவு வந்ததும் எடுத்துவிடுகிறேன், அப்போதுதான் அடுத்த பூ நிற்கிறது.

நேற்று கூட்டாஞ்சோறு வைத்தேன். அம்மாவுக்குப் பல் இல்லை, காயை நசுக்கித்தான் கொடுத்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மேகம் இறங்க ஆரம்பித்துவிட்டது. நல்ல செடியாக மூன்றைப் பார்த்து வேரோடு வாளிக்கு மாற்றப் போகிறேன். தம்பி, வாளியில் வைக்கும்போது இலையைக் குறைக்க வேண்டுமா, அப்படியே விடலாமா?

மறையூர் விவசாயி, மே 24

பாதி இலையைக் கிள்ளிவிடுங்கள் அக்கா, வேர் அறுபட்ட செடி அவ்வளவு இலையைத் தாங்காது. காயும் பூவும் ஒன்றுகூட விடாமல் எடுத்துவிடுங்கள். வாளி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.