குடியாத்தத்திலிருந்து ஹார்டுவேர் வகுப்புக்கு: என் 2012 அனுபவம்

எங்கள் ஊர் குடியாத்தம். அப்பா குழித்தறியில் லுங்கி நெய்கிறவர். அம்மா அக்கம்பக்கத்துத் தறிகளுக்கும் சேர்த்துப் பாவு, அதாவது துணியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பார். பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் நான் வீட்டில் நெசவு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். 2012 ஜூனில் வேலூரில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் சேரப் போனோம், நானும் அப்பாவும்.

மேசையில் இருந்த அக்கா விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "ஹார்டுவேரா? கணக்கு எழுதுற டேலி சேந்துக்கோம்மா. பொம்பளப் புள்ளைங்களுக்கு அதான் சுலபம், நெழல்ல உக்காந்துக்கினு வேல பாக்கலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பா அதிகம் பேசாதவர். "அது இன்னா ஆசப்படுதோ அதையே எழுதிக்கோங்கம்மா" என்று மட்டும் சொன்னார். 24 பேர் இருந்த வகுப்பில் பெண்கள் நாங்கள் 2 பேர்.

காலையில் பஸ் பிடித்து கே.வி.குப்பம், காட்பாடி வழியாகப் போவேன். பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது கீழே மணல்தான் தெரியும். அதைத் தாண்டியதும் வேலூர் வெயில் தொடங்கிவிடும். முதல் மாதம் எனக்கு அந்த வகுப்பு பிடிக்கவே இல்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு 6 பேர். பையன்கள் சுற்றி நின்றுகொள்வார்கள், எங்கள் இருவருக்கும் அவர்கள் முதுகுதான் தெரியும். கேபினெட்டைக் கழற்றும் சத்தம் கேட்கும், உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து நோட்டில் படம் வரைந்து பார்ப்பேன். காசு கட்டிப் படிக்கிற இடத்தில் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று பஸ்ஸில் அழுதிருக்கிறேன். இரண்டாவது மாதம் புதிதாக ஒரு சார் வந்தார். பல வருடம் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவர். வந்த அன்றே, "ஸ்க்ரூ டிரைவர் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஒருத்தர் கையில இருக்கக் கூடாது. அடுத்த கைக்குப் போவணும்" என்றார். என் படிப்பு அன்றுதான் ஆரம்பித்தது.

அந்த வருட மின்வெட்டைச் சென்னையில் இருந்தவர்களிடம் சொன்னால் நம்புவது கஷ்டம். அங்கே 2 மணி நேரம்தான் போகும். எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். அக்டோபர், நவம்பரில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி போடும்போது '39 நிமிடம்' என்று திரையில் வரும், பார்த்திருப்பீர்கள். அது முடிவதற்குள் கரண்ட் போய்விடும். பழைய யூபிஎஸ் பேட்டரி பத்து நிமிடம் தாங்கினாலே பெரிய விஷயம். மறுபடி முதலிலிருந்து. ஒரே மெஷினுக்கு ஒரே நாளில் மூன்று முறை எக்ஸ்பி போட்ட நாளெல்லாம் உண்டு. சார் அதற்கேற்ப பாடத்தையே மாற்றிக்கொண்டார். கரண்ட் இருந்தால் பயாஸ், பார்ட்டிஷன், டிரைவர் என்று மெஷினை ஓடவிட்டுப் படிக்கும் பாடங்கள். போனால் ஜன்னல் ஓரம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு கழற்றுவது, மாட்டுவது. இப்போது யோசித்தால், எங்கள் கைக்குப் பழக்கம் வந்ததே அந்த இருட்டு மணி நேரங்களில்தான்.

கம்ப்யூட்டரின் பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் வயர் நிறங்களை அப்படித்தான் மனப்பாடம் செய்தோம். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்டு. ஊதா, பிளக் சொருகியிருக்கும் வரைக்கும் 5 வோல்ட்டோடு விழித்துக்கொண்டே இருக்கும். பச்சையைக் கறுப்போடு ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்தால் மதர்போர்டு இல்லாமலேயே எஸ்எம்பிஎஸ் ஓடும், ஃபேன் சுற்றும். மற்றவர்கள் இதை எழுதி எழுதிப் படித்தார்கள். எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. லுங்கிக் கட்டத்துக்குப் பாவில் இத்தனை இழை நீலம், இத்தனை வெள்ளை, மறுபடி இத்தனை நீலம் என்று சின்ன வயதிலிருந்து கணக்கு கேட்டு வளர்ந்தவள் நான். பின்னால் நெட்வொர்க் கேபிளின் வயர்களைப் பிளக்கில் வைத்து அழுத்தும் கிரிம்பிங் வந்தபோதும் அப்படித்தான். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை ஏன் வைக்கிறார்கள் என்று குழம்பாதவர்கள் இல்லை. முறுக்கிய ஜோடிகளில் ஒன்று பிளக்கின் 1, 2-ஆம் பின்களுக்கும் இன்னொன்று 3, 6-ஆம் பின்களுக்கும் போக வேண்டும் என்பதுதான் விஷயம். வரிசையாக இருக்கட்டும் என்று நாமே மாற்றி அடித்தால் சின்ன கேபிளில் வேலை செய்வது மாதிரி இருக்கும், நீளமாக இழுத்தால் நெட் விட்டு விட்டு வரும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கிற விஷயத்தில் மட்டும் சார் கறாராக இருப்பார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். "ஒரு கைய பாக்கெட்ல வெச்சிக்கோ, ஒரு கையால வேல செய்யி" என்பார். ரெண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக இன்னொரு கைக்குப் போகும். சுடிதாரில் பாக்கெட் கிடையாது. "நீங்க ரெண்டு பேரும் கைய முதுகுப்பக்கம் வெச்சிக்கோங்கம்மா" என்றார். இன்றைக்கும் என் இடது கை தானாகப் பின்னால் போய்விடுகிறது.

ஆகஸ்டில் நடந்ததை இத்தனை வருடம் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

கம்ப்யூட்டரின் மூளையான புராசசரை மதர்போர்டில் மாட்டும் பாடம். எங்களிடம் இருந்தது 775 சாக்கெட் போர்டு. அதில் பின்கள் புராசசரில் இருக்காது, சாக்கெட்டில் இருக்கும். ஒரு தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம். அதற்குள் 775 பின்கள், ஒவ்வொன்றும் தலைமுடி கனத்தில் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். புராசசரின் இரண்டு ஓரத்தையும் பிடித்து நேராக இறக்க வேண்டும். என் முறை வந்தது. பக்கத்தில் நின்றவர் கை மேசையில் இடித்தது என்று சொல்லலாம், ஆனால் என் விரல்தான் வியர்வையில் வழுக்கியது. புராசசர் ஒரு மூலையாக விழுந்தது. சத்தமே இல்லை. எடுத்துப் பார்த்தால் வெளி வரிசையில் இரண்டு பின்கள் குறுக்கே படுத்திருந்தன.

வகுப்பில் இருந்த நல்ல போர்டுகளே மூன்றுதான். யாரோ பின்னால் "போச்சுடா" என்றார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

சார் திட்டவில்லை. "யாரும் கைய வெக்காதீங்க. ஏம்மா, இன்னா வளைஞ்சிருக்குன்னு முதல்ல நீயே பாத்து சொல்லு" என்று வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் வைக்கிற லென்ஸ் ஒன்றைக் கொடுத்தார். ஜன்னல் பக்கம் போர்டைத் தூக்கி மெதுவாகச் சாய்த்தேன். சரியாக இருக்கிற பின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மினுங்கின. அந்த இரண்டு மட்டும் மினுங்கவில்லை. இன்னும் சாய்த்தேன், மற்றவை இருண்டபோது அவை மினுங்கின. பாவில் ஒரு இழை தொய்ந்தால் அம்மா இப்படித்தான் தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பார். "ரெண்டு சார். வெளி வரிச. ஒண்ணு பக்கத்துப் பின்ன தொடுது, ஒண்ணு தொடல" என்றேன்.

"அப்ப நீயே நிமித்து" என்றார்.

ஒரு தையல் ஊசியும் மெக்கானிக்கல் பென்சிலின் காலி முனையும்தான் கருவி. பின்னை மேலே தூக்கக் கூடாது, முறிந்துவிடும். அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, வந்த வழியிலேயே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். முதல் பின்னுக்குக் கால் மணி நேரம் ஆனது. நடுவில் கரண்ட் வந்து எல்லாரும் எக்ஸ்பி போடப் போய்விட்டார்கள். நானும் அந்த இன்னொரு தோழியும் மட்டும் ஜன்னல் அருகே இருந்தோம், அவள் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பின் முடிந்து, புராசசர் வைத்து, லீவரை அழுத்தி, ரேம் மாட்டி, பச்சை லைட் எரிந்து, ஸ்பீக்கரில் ஒரே ஒரு சின்ன பீப். அந்த பீப் கேட்டதும் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு வகுப்பில் பின் வளைந்தால் பையன்களே என்னைக் கூப்பிடுவார்கள்.

செப்டம்பரிலிருந்து சார் எங்களை வெளி வேலைக்கும் கூட்டிப்போனார். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகள் பக்கம் ஒரு ஆபீஸ். மெஷின் ஆன் ஆகும், திரை வராது, நீள நீளமாக பீப் அடிக்கும். ரேமைக் கழற்றினால் தங்க நிறத்தில் இருக்க வேண்டிய கால்கள் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தன. போர்டில் செம்பு தெரிகிற இடமெல்லாம் கறுப்பு. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அதிலிருந்து வரும் வாயுதான் செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கிறது என்று சார் விளக்கினார். அங்கே வேலை பார்க்கிற அக்கா உடனே தன் கொலுசைக் காட்டினார். புளி போட்டுத் தேய்த்தாலும் ஒரு மாதம் தாங்காதாம். பென்சில் அழிக்கும் ரப்பரால் ரேம் காலைத் தேய்த்து மாட்டினோம், திரை வந்தது. இதை எல்லா டெக்னீஷியன்களும் செய்கிறோம். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் தங்க முலாம் கொஞ்சம் போகிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கறுக்கும். முடிந்தவரை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைப்பதுதான் நல்லது. அன்று அந்த அக்கா வருடக்கணக்கில் அந்தக் காற்றை மூச்சில் இழுத்துக்கொண்டிருப்பதை நினைத்து எனக்கு மனசு கனத்துப்போனது. ரேமைத் துடைத்துவிட்டு வந்துவிட்டோம்.

இன்னொரு நாள் நடந்ததையும் எழுதியாக வேண்டும். நவம்பர். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கச் சந்துகளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கடைப் பலகைகளில் தமிழோடு பெங்காலி எழுத்தும் இருக்கும். அங்கே ஒரு பிரௌசிங் சென்டரில் நெட்வொர்க் சரிபார்க்க என்னைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். ஒரு வங்காளத்து அம்மா, ஐம்பது வயதிருக்கும், கணவருடைய ஸ்கேன் சிடியைக் கொண்டுவந்து கடைக்கார அண்ணனிடம் ஊருக்கு மெயில் அனுப்பச் சொன்னார். சிடியைப் போட்டார், கரண்ட் போனது. யூபிஎஸ் 'கீ கீ' என்று கத்திவிட்டு அதுவும் அணைந்தது. சிடி உள்ளே.

அண்ணன், "ஒரு மணி நேரத்துல வந்துடும், உக்காருங்க" என்றார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. டிக்கெட்டை எடுத்துக் காட்டினார், காட்பாடியிலிருந்து ஹவுரா போகும் வண்டி. நேரம் அதிகம் இல்லை. சிடி டிரைவைக் கையால் தட்டினார். கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்கும் பதற்றம், ஸ்க்ரூ டிரைவரை வைத்து டிரேயை நெம்பப் போனார்.

"அண்ணா, நெம்பாதீங்க, ஒரு நிமிஷம்" என்றேன். டிரைவின் முகத்தில் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு குண்டூசித் துளை இருக்கும், நிறைய பேர் கவனித்திருக்க மாட்டார்கள். கரண்ட் இல்லாதபோது திறக்கத்தான் அது. துப்பட்டாவில் இருந்த ஊக்கை விரித்து விட்டேன், நீளம் போதவில்லை. மேசையில் பில்லில் மாட்டியிருந்த ஜெம் கிளிப்பை நேராக்கி நேரே உள்ளே விட்டேன். ஒரு இடத்தில் தடுத்தது. அங்கே அழுத்தினால் உள்ளே பல் நகர்வது விரலுக்குத் தெரியும். டிரே ஒரு நெல் அளவு வெளியே வந்தது, நகத்தால் இழுத்தேன்.

அந்த அம்மா சிடியை வாங்கி முந்தானையால் வட்டமாகத் துடைக்கப் போனார். நான் கையைப் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்துக் காட்டினேன். வட்டக் கீறல் விழுந்தால் டிரைவுக்குப் படிப்பது கஷ்டம். அவர் என் முகவாயைத் தொட்டு ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அதில் 'மா' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. சிறு பெண்களை அவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அண்ணன் பிறகு சொன்னார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வரும்போது ஒன்பதரை. குடியாத்தத்திலும் கரண்ட் இல்லை. அப்பா அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். படித்துப் பார்க்கட்டும் என்று சார் எனக்கு ஒரு செத்துப்போன போர்டைக் கொடுத்திருந்தார், அதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாக்கெட்டை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எத்தனாம் நம்பர் அச்சும்மா?" என்றார். தறியில் பாவு இழைகளைப் பிரித்து வைக்கும் சீப்பு மாதிரியான பாகம்தான் அச்சு.

"அச்சு இல்லப்பா. மொத்தம் 775 பின்னு."

"உம்" என்றவர் போர்டை இன்னும் கொஞ்சம் திருப்பினார். "தோ, மூணாவது வரிசையில ஒண்ணு சாஞ்சிக்கினு கீது பாரு."

எனக்குத் தெரியவில்லை. லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், ஓரத்திலிருந்து ஏழாவது பின்.