டிஸ்சார்ஜ் சம்மரியில "ஹார்ட் ஃபெயிலியர்"னு இருந்துச்சு… உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

காவேரிக்கரை:
போன ஐப்பசில அப்பாவ மூச்சு வாங்குதுன்னு அட்மிட் பண்ணோம். அட்டாக் நாலு வருஷம் முந்தியே வந்து ஸ்டென்ட் வச்சாச்சு, அந்தக் கதை இப்ப வேணாம். டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில் கட்டிட்டு வந்து சம்மரிய பிரிச்சா டயக்னோசிஸ்ல ரெண்டாவது வரி ஹார்ட் ஃபெயிலியர், அதுக்குப் பக்கத்துல இஎஃப் 35%. கை நடுங்கிருச்சு. ஃபெயிலியர்னா முடிஞ்சுபோச்சுன்னுதானே அர்த்தம், அப்ப எதுக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க, கடைசி நாள வீட்ல கழிக்கட்டும்னா? பேப்பர மடிச்சு பாக்கெட்ல சொருகிட்டேன். ஆனா அப்பா ரிடையர்டு ஹெட்மாஸ்டர், அவர்கிட்ட பேப்பர ஒளிச்சு வைக்க முடியுமா. கார்ல ஏறினதும் "குடுறா அத"ன்னு வாங்கி, கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு வரி விடாம படிச்சாரு. அம்மா அவர் மூஞ்சியவே பார்த்துட்டிருக்கா. கடைசில சொன்னாரு, "35 தானே. பாஸ் மார்க்குடா."

அம்மா சிரிச்சுட்டா. எனக்கு சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

ரிவ்யூக்கு போனப்பதான் டாக்டர் படம் போட்டு காட்டினாரு. இடது பக்க கீழ் அறைல 100 மில்லி ரத்தம் இருக்குன்னு வச்சுக்குங்க, ஒரு தடவ சுருங்கும்போது எவ்ளோ வெளிய தள்ளுதோ அதான் இஎஃப். நல்ல ஹார்ட்டே 55லேர்ந்து 70 வரைக்கும்தான் தள்ளுமாம், 100 எவனுக்குமே கிடையாது. நான் என்னடான்னா 65 சதவீதம் போயிருச்சுன்னு மூணு நாளா சோறு இறங்காம கிடந்தேன். ஃபெயிலியர்னா நின்னுபோறது இல்ல, உடம்பு கேக்குற அளவுக்கு பம்ப் பண்ண முடியாம திணறுறது, அவ்ளோதான். ஆனா அவரே இன்னொன்னும் சொன்னாரு, மூணு மாசம் மாத்திரை ஒழுங்கா போட்டும் 35க்கு மேல ஏறலேன்னா நெஞ்சுல ஐசிடி மெஷின், அதாவது துடிப்பு தாறுமாறா போனா உள்ளயே ஷாக் குடுத்து சரி பண்றது, அத வைக்கிறத பத்தி பேசணுமாம். பாஸ் மார்க்க கொண்டுபோய் எங்க வச்சிருக்கானுங்க பாருங்க.

இந்த வார்த்தைய பார்த்து பயந்தது நான் மட்டுமா, வேற யாராச்சும் இருக்கீங்களா?

நெல்லை மைனி:
எங்கம்மைக்கு நேர் தலைகீழ் கதை. 71 வயசு, பிரஷர் இருவது வருஷமா இருக்கு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு ஒரு தலகாணி ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு, கடைசில நாற்காலிலயே உக்காந்து தூங்க ஆரம்பிச்சிட்டா. நாங்க வீசிங்னு நெனச்சு பக்கத்து கிளினிக்லயே காட்டிட்டு இருந்தோம். எக்கோங்கற ஹார்ட் ஸ்கேன்ல இஎஃப் 62, நார்மல்னு போட்டிருந்துச்சு, அதப் பார்த்து பாயசம் வச்சவ நான். அப்புறம் பாளையங்கோட்டைல ஒரு வயசான டாக்டரு ரிப்போர்ட்ட தொடக்கூட இல்ல, அம்மை கணுக்காலுக்கு மேல கட்டைவிரல வச்சு அமுக்கி எடுத்தாரு. குழி அப்படியே நிக்கி. பிசைஞ்ச மாவுல விரல் பதிஞ்ச மாதிரி. செருப்பு வாரு தடம் ராத்திரி வரைக்கும் கால்ல கிடக்குமே, நான் தெனம் பார்த்தேன், செருப்பு டைட்டுன்னு புதுசு வேற வாங்கி குடுத்தேன்.

"ஹார்ட் நல்லாத்தான் சுருங்குது, விரியத்தான் மாட்டேங்கு"ன்னாரு. பிரஷர்ல செவுரு தடிச்சு விறைச்சு போச்சாம். உள்ள ரத்தம் சரியா இறங்காம பின்னால தேங்கி நுரையீரல்ல நிக்குமாம். இதுக்கும் பேரு ஹார்ட் ஃபெயிலியர்தானாம். அந்தக் குழி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கு.

சேலத்து சித்தப்பு:
இஎஃப் 62ன்னா நார்மல். நார்மல்னா நார்மல்தான். நார்மலா இருக்குற ஹார்ட்டுக்கு ஃபெயிலியர்னு பேர் வச்சாத்தானே மாசா மாசம் செக்கப்புக்கு வருவீங்க. வயசானா கால் வீங்கத்தான் செய்யும். உப்ப கொறைங்க, வெள்ளை உப்ப தூக்கி போட்டுட்டு இந்துப்பு போடுங்க, எல்லாம் வடிஞ்சுரும். எங்க வீட்ல மூணு வருஷமா அதான்.

பழைய ரெப்:
சித்தப்பு அண்ணே, கோச்சுக்காதீங்க, இது தப்பு. இஎஃப் 40ம் அதுக்கு கீழயும் ஒரு வகை, 41லேர்ந்து 49 நடுவுல ஒண்ணு, 50ஓ அதுக்கு மேலயோ இருந்தும் ஃபெயிலியர் வர்றது மூணாவது வகை, மைனி சொன்னது அதுதான். இதெல்லாம் கார்டியாலஜி புக்லயே இருக்கு, யாரும் காசுக்காக கண்டுபிடிச்சது இல்ல. இந்துப்பும் கிட்டத்தட்ட முழுசா அதே சோடியம் குளோரைடுதான், கலர் வேற, வெலை வேற.

என் கதை ரெண்டு வரிதான். மாமனாருக்கு சுகரே கிடையாது, ஹார்ட் ஃபெயிலியருக்கு டாபாகிளிஃப்ளோசின் எழுதி குடுத்தாங்க, மருந்து கடை பையன் "இது சுகர் மாத்திரையாச்சே, உங்களுக்கு எதுக்கு"ன்னு கேட்டான், மனுசன் நிறுத்திட்டாரு, மூணாவது வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஜன்னல் கம்பிய புடிச்சுட்டு மூச்சுக்கு தவிக்கிறாரு.

அது சுகர் மாத்திரையா வந்ததுதான், ஆனா சுகர் இல்லாதவங்களுக்கும் ஹார்ட் ஃபெயிலியர்ல வேலை செய்யுதுன்னு 2019லயே பெரிய ட்ரயல் வந்தாச்சு. அதனால கடைக்காரர் பேச்ச கேட்டு எதையும் நிறுத்தாதீங்க. கேட்காமலே இன்னும் கொஞ்சம் சொல்றேன், திட்டாதீங்க. வீட்ல ஒரு வெயிட் மெஷின் வாங்கி வைங்க, தெனம் காலைல பாத்ரூம் போயிட்டு, காபி குடிக்கறதுக்கு முன்ன ஏறி நின்னு எழுதி வைக்கணும், ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா அது சதை இல்ல தண்ணி, அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க. ஊறுகா, அப்பளம், வத்தல், கருவாடு, இதுலதான் உப்பு ஒளிஞ்சிருக்கு, சாப்பாட்ல உப்பே போடறதில்லன்னு சொல்லிட்டு மாவடு ரெண்டு கடிக்கிறவங்கள நெறைய பார்த்திருக்கேன். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைய நீங்களா வாங்கி போடவே கூடாது, தண்ணிய உடம்புலயே நிறுத்தி வச்சுரும். ஸ்பைரனோலாக்டோன்ங்கற நீர் மாத்திரை போடறவங்க இளநிய டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடிங்க, பொட்டாசியம் ஏறும். நீர் மாத்திரைய காலைல போடுங்க, ராத்திரி போட்டா விடிய விடிய பாத்ரூம்தான்.

ஊர்சுத்தி:
அட்வைஸ் போதும் ரெப் சார், உங்க ரெண்டு வரி கதை எங்க, இந்த ராமாயணம் எங்க.

என்னை உறுத்துறது வேற. தாத்தா 86 வயசுல நிமோனியால போனாரு. சர்டிபிகேட்ல காரணம்னு கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட். துபாய்லேர்ந்து வந்த சித்தப்பா அத பார்த்துட்டு, பதினாறாம் நாள் காரியத்துல எல்லார் முன்னாடியும் "அவருக்கு ஹார்ட் ப்ராப்ளம் இருந்தத ஏன்டா எங்கிட்ட மறைச்சீங்க"ன்னு எங்கப்பா சட்டைய புடிச்சிட்டாரு. அரெஸ்ட்னா ஹார்ட் நின்னுபோச்சு. செத்தா எல்லாருக்கும் நிக்கத்தானே செய்யும்? இதுல கூத்து என்னன்னா, ஆஸ்பத்திரில காரணம் எழுதுற ஃபாரம் நம்பர் 4 இருக்குல்ல, அதுலயே அச்சடிச்சிருக்கான், ஹார்ட் ஃபெயிலியர் மாதிரி இறந்த விதத்த எழுதாதீங்க, எந்த நோயால இறந்தாங்கன்னு எழுதுங்கன்னு. யாரு படிக்கிறா. பேப்பர்காரனும் ஹார்ட் அட்டாக், அரெஸ்ட், ஃபெயிலியர் எல்லாத்தையும் மாரடைப்புன்னு ஒரே சாக்குல கட்டிருவான். குழாய் அடைச்சா அட்டாக், துடிப்பே நின்னா அரெஸ்ட், பம்ப் திணறுனா ஃபெயிலியர். சித்தப்பா இன்னும் எங்கப்பாகிட்ட பேசல.

வெண்ணிலா_32:
நான் எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எனக்கேதான். பாப்பா பொறந்து மூணாவது வாரம் படி ஏற முடியல, பச்ச உடம்பு அப்படித்தான் இருக்கும்னாங்க. எக்கோல இஎஃப் 28. பிரசவத்த ஒட்டி ஹார்ட் தசை பலவீனமாகுற வகையாம், அப்படி ஒண்ணு இருக்குன்னே அன்னிக்குதான் தெரியும். நான் தூங்குறேன்னு நெனச்சு மாமியார் போன்ல யாருக்கோ சொல்றாங்க, "ஹார்ட் ஃபெயிலான பொண்ணும்மா, புள்ளைய யாரு பாக்கறது." தமிழ்ல சொன்னா கொஞ்சம் மெதுவா இருக்கும்னு பார்த்தா அதுல இதயச் செயலிழப்புன்னு இருக்கு, அது இன்னும் மோசம். செயல் இழந்துட்டா எப்படி நான் எந்திரிச்சு பாப்பாக்கு டயபர் மாத்துறேன்?

ஒரு வருஷத்துல 52க்கு வந்துட்டேன். எல்லாருக்கும் இப்படி திரும்பி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அடுத்த குழந்தைய பத்தி அவங்கள கேக்காம யோசிக்கவே கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க. மாமியார் இப்ப நல்லாத்தான் பாத்துக்குறாங்க. ஆனா ஃபெயில்ங்கற வார்த்தைய டிவில கிரிக்கெட்ல சொன்னாக்கூட வயிறு ஒரு மாதிரி ஆகுது.

காவேரிக்கரை:
வெண்ணிலா, 52ஆ? அப்பாகிட்ட இன்னிக்கே சொல்றேன். ரெப் சார், வெயிட் நோட்டு அப்பா ஏற்கனவே போட்டுட்டாரு, பழைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் ஒண்ணு இருந்துச்சு, அதுல தேதிவாரியா, ஒரு கிலோ ஏறினாலே சிவப்பு மை. அம்மா மாவடு ஜாடிய அடுத்த வீட்டுக்கு குடுத்துட்டா, அதுக்குத்தான் அவருக்கு கோவம்.

சேலத்து சித்தப்பு:
இந்துப்பு விஷயத்த நான் இன்னும் ஒத்துக்கல. ஆனா ஒண்ணு கேக்கணும். என் வீட்டுக்காரம்மாவும் ரெண்டு மாசமா தலகாணி ரெண்டு வச்சுத்தான் படுக்குறா, கேட்டா கழுத்து வலிங்கறா. இன்னிக்கு காலைல அவ பூ கட்டிட்டு இருக்கும்போது சும்மா கால அமுக்கி பார்த்தேன். குழி விழுந்துச்சு மைனி. எழும்ப ரொம்ப நேரம் ஆச்சு. மொதல்ல சாதா எம்டிகிட்ட காட்டணுமா, நேரா ஹார்ட் டாக்டர்கிட்டயே போயிரலாமா?