ரேஞ்ச் கேள்விக்கு ஏழு "ஹாய்"

கோண்டாவிலான்:
பைதன் எண்ட கணினி நிரல்மொழி படிக்கிற வட்ஸ்அப் குரூப். ஒரு பிள்ளை, எண்களை வரிசையாத் தாற "ரேஞ்ச்" கட்டளையில, "1 இலயிருந்து 10 வரைக்கும் வரவேணும், 9 ஓட நிக்குது, ஏன்?" எண்டு தான் எழுதின நிரலைப் போட்டா. குரூப்பில ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அஞ்சு நிமிசத்தில அவவின்ர இன்பொக்ஸில 7 "ஹாய்". ஏழையும் ஸ்கிரீன்சொட் எடுத்து குரூப்பிலயே போட்டா. அட்மின் எழுதினார்: "தங்கச்சி, ஹாய் சொன்னதுக்கெல்லாம் கோவிக்கலாமோ?" அவ விலகிட்டா. அந்தத் "தங்கச்சி" இன்னும் உறுத்துது.

வயர்க்காரன்:
கரைச்சல் அட்மின் எழுதமுதலே தொடங்கிட்டுது. வட்ஸ்அப் குரூப்பில சேர்ந்தால் நம்பர் எல்லாருக்கும் தெரியும், அட்மினாலயும் மறைக்க ஏலாது. கன குரூப்புகளை ஒண்டாச் சேர்க்கிற கம்யூனிட்டியின்ர அறிவித்தல் குரூப்பில மட்டும்தான் மற்ற ஆக்களுக்குத் தெரியாது. உள்ளுக்க இருக்கிற சின்னக் குரூப்புக்குப் போனவுடன திரும்பவும் தெரியும். கனபேர் பிழைவிடுறது இதிலதான்.

ரெலிகிராம் எண்டால் பிரைவசியில போன் நம்பருக்கு "நோபடி" போடுங்கோ. அதுக்குக் கீழ, நம்பரை வைச்சு ஆர் தேடலாம் எண்டு கேக்கும், அதையும் "மை கொன்ராக்ட்ஸ்" ஆக்கவேணும். நம்பர் மறையும், இன்பொக்ஸ் மூடாது.

அழைப்பு லிங்கை முகநூலில போட்டிருந்தால் உடனே ரீசெற் பண்ணுங்கோ. புது ஆக்களை அட்மின் அனுமதிச்சுச் சேர்க்கிற செற்றிங்கும் போடவேணும்.

நல்லூர் அக்கா:
தம்பி வயர்க்காரன், நீங்கள் சொன்னதில பாதி அவ ஒளிக்கிறதுக்கான வழி. ஹாய் போட்ட ஏழு பேருக்கும் ஒரு வேலையும் இல்லையோ?

குரூப் விபரத்தில முதல் வரியா எழுதுங்கோ: குரூப்பில கேட்ட கேள்விக்குக் குரூப்பிலதான் பதில். இன்பொக்ஸுக்குப் போகமுதல் குரூப்பில கேட்டு, அவ ஓம் எண்டாப் பிறகுதான். முதல்தரம் எச்சரிக்கை, ரெண்டாம்தரம் வெளியில. குரூப்பில கிடக்கிற கூடாத மெசேச்சை அட்மின் எல்லாருக்குமா அழிக்கலாம், ஆனா அழிக்கமுதல் நம்பரும் திகதியும் தெரிய ஸ்கிரீன்சொட் எடுக்கவேணும். அவசரப்பட்டு அழிச்சால் சாட்சியும் போயிடும்.

பெண் அட்மின் ஒராளைப் போட்டிட்டு முறைப்பாடு முழுக்க அவவின்ர தலையில கட்டாதேங்கோ. ரெண்டு மாதத்தில களைச்சுப் போவா. ஆம்பிளை அட்மின்தான் அந்த ஏழு பேரோடயும் கதைக்கவேணும். "மச்சான்மாரே" எண்டு தொடங்கிற அறிவித்தலும், இரவு 9 மணி சூம் வகுப்பும் வேண்டாம். வகுப்பு ஒலிப்பதிவைப் போட்டால் வரமுடியாதவையும் படிப்பினம்.

சுன்னாகம்:
இங்க ஒருத்தரும் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். அந்தரங்கப் படத்தை வைச்சு ஆராவது வெருட்டினால் காசு குடுக்காதேங்கோ, வந்த மெசேச்சுகளை அழிக்காதேங்கோ. 18 வயசுக்கு மேற்பட்டவைக்கு "ஸ்ரொப் என்சிஐஐ" (StopNCII.org) தளம் இருக்கு. படம் போனை விட்டு வெளியில போகாது, கைரேகை மாதிரி அதின்ர இலக்கக் குறி மட்டும்தான் போகும். அதில சேர்ந்திருக்கிற நிறுவனங்கள் அதே படம் ஏறினால் அந்தக் குறியை வைச்சுப் பிடிக்கும். இலங்கையில பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938.

கொக்குவில்:
எல்லாரும் எழுதியாச்சு, அந்தப் பிள்ளையின்ர கேள்வி அப்பிடியே கிடக்கு. ரேஞ்சில கடைசியாக் குடுக்கிற எண் சேராது. 1, 10 எண்டால் 9 ஓட நிக்கும். 1, 11 எண்டு குடுக்கவேணும். அவவைத் தெரிஞ்ச பிள்ளையள் ஆராவது இருந்தால் சொல்லிவிடுங்கோ.