கேரட் "அப்படியே வெளியே வருது"ன்னு சொன்னவருக்கு ஒரு பதில்

கறுப்பிஅம்மா:
நேத்து புதுசா வந்த ஒரு தம்பி, "என் நாய்க்குக் காய்கறி கொடுக்கலாமா"ன்னு கேட்டிருந்தார். அதுக்கு ஓநாய்ப்பிள்ளை எழுதின பதிலை அப்படியே போடுறேன்: "நாய் மாமிச உண்ணி. காய்கறி அதுக்கு வேஸ்ட். கேரட் போட்டுப் பாருங்க, போன மாதிரியே அப்படியே வெளியே வருது. காய்கறி போடுறவங்க நாயை வளர்க்கல, முயலை வளர்க்குறாங்க."

படிச்சதிலிருந்து எனக்கு மனசு ஆறல. என் நாய் கறுப்பிக்கு வயசு 11. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 31 கிலோ இருந்தா. மாடிப்படிக்கு முன்னாடி வந்து, முதல் படியில முன்னங்காலை மட்டும் வச்சுக்கிட்டு என் முகத்தைப் பார்த்து நிப்பா. ஏற முடியாது. டாக்டர் எடை குறையணும்னு சொன்னார். பிஸ்கட்டை நிறுத்தினோம். நிறுத்தினா பசியில ராத்திரி முழுக்க தட்டை நக்கி நக்கி உருட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம்தான் வேக வச்ச பீன்ஸும் பூசணியும் கேரட்டும் மசிச்சு அவளோட கறியில கலக்க ஆரம்பிச்சேன். 100 கிராம் கேரட்டுல சுமார் 40 கலோரிதான். வயிறு நிறைஞ்சது, எடை இறங்குச்சு. ஏழு மாசத்துல 26 கிலோ. இப்போ படி ஏறுறா. நான் வளர்க்கிறது முயலாம்.

ஓநாய்ப்பிள்ளை:
என் பேரை இழுத்துட்டீங்க, அதனால வர்றேன். எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தப்போறதில்ல. கேரட் அப்படியே வெளியே வருது. காலையில நாய் வெளிக்கு இருந்து முடிச்சதும் குனிஞ்சு பாருங்க. ஆரஞ்சு கலர்ல, கத்தி பட்ட முனைகூட மழுங்காம, சதுரம் சதுரமா கிடக்கும். செரிச்சிருந்தா அது எப்படி அங்கே வரும்?

நாயோட பல்லைப் பாருங்க. கறியைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டுற பல். மாடு மாதிரி தாடை பக்கவாட்டுல ஆடாது. எச்சில்ல மாவுச்சத்தை உடைக்கிற நொதி கிடையாது. வைட்டமின் சி-யைத் தன் ஈரல்லயே தயாரிச்சுக்குது, அதுக்குக் காய் தேவையே இல்ல. கறுப்பி இளைச்சது பிஸ்கட்டை நிறுத்தினதால. அந்தப் பெருமையைத் தூக்கிக் கேரட்டுக்கு ஏன் கொடுக்குறீங்க?

மருந்துச்சீட்டு:
வணக்கம். கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். இருவருமே பாதி சரி. காய்கறியின் செல்சுவர் செல்லுலோஸ் போன்ற நாரால் ஆனது. அதை உடைக்கும் நொதி நாய்க்கு இல்லை. நாய் மென்று அரைத்துச் சாப்பிடும் பிராணியும் இல்லை, விழுங்கிவிடும். அதனால் பச்சையாகப் பெரிய துண்டாகப் போட்டால் துண்டு துண்டாகவே வெளியேறும். துருவியோ வேக வைத்து மசித்தோ கொடுத்தால் செல்சுவர் முன்பே உடைந்துவிடும், உள்ளே இருப்பது உடலுக்குக் கிடைக்கும். கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினை நாய் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். பூனையால் அது முடியாது.

பல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்தரிப் பல்லுக்குப் பின்னால் நாய்க்குத் தட்டையான கடைவாய்ப் பற்களும் உண்டு. பூனைக்குத்தான் அவை ஏறக்குறைய இல்லை.

ஓநாய்ப்பிள்ளை:
பார்த்தீங்களா, மருத்துவமனைக்காரரே ஒத்துக்கிட்டார். அப்படியே வெளியே வருது.

கறுப்பிஅம்மா:
"பச்சையாகப் பெரிய துண்டாக"ன்னு அவர் எழுதினது உங்க கண்ணுக்குத் தெரியலையா? மசிச்சுக் கொடுன்னு அடுத்த வரியிலயே இருக்கு. நான் முதல் பதிவுலயே மசிச்சுதான் கொடுக்கிறேன்னு எழுதியிருக்கேன். நீங்க சதுரமா வெட்டிப் போட்டா சதுரமாத்தான் வரும்! உங்களுக்குத் தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்.

தரவுத்தம்பி:
2013-ல நேச்சர் அறிவியல் இதழ்ல வந்த ஆய்வை யாரும் சொல்லலையே. ஓநாயையும் நாயையும் மரபணு அளவுல ஒப்பிட்டாங்க. மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதி, நாய்க்கு 4-லிருந்து 30 பிரதி வரைக்கும். மனுஷனோட சேர்ந்து வாழ்ந்து, அவன் சாப்பாட்டையே சாப்பிட்டு வந்ததுல நாய் மாறிடுச்சு. எச்சில்ல நொதி இல்லேன்னா என்ன, கணையத்துல சுரக்குதே. ஓநாய்ப்பிள்ளை ஓநாயைப் பத்தியே பேசிட்டிருக்கார். இங்கே யாரும் ஓநாய் வளர்க்கல.

ஓநாய்ப்பிள்ளை:
தம்பி, நொதியைப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி அது எதை உடைக்கும்னு படிங்க. அமைலேஸ் உடைக்கிறது மாவுச்சத்தை. கேரட்டுல மாவுச்சத்து எவ்வளவு இருக்கு? இல்லேன்னே சொல்லலாம். முக்காலே மூணு வீசம் தண்ணி, மிச்சம் நாரும் கொஞ்சம் சர்க்கரையும். நீங்க சொல்ற ஆய்வு உருளைக்கிழங்குக்குப் பொருந்தும், கேரட்டுக்குப் பொருந்தாது. கேரட் அப்படியே வெளியே வருது.

தரவுத்தம்பி:
உருளைக்கிழங்கு காய்கறி இல்லையா?

ஓநாய்ப்பிள்ளை:
கிழங்கு.

தரவுத்தம்பி:
கேரட்டும் மண்ணுக்குள்ளதான் விளையுது.

பசுந்தழை:
எல்லாருக்கும் வணக்கம். என் நாய் நாலு வருஷமா சுத்த சைவம். கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது, முழுக்கக் காய்தான். நல்லா ஓடுது, நல்லா குரைக்குது. கறி கொடுத்தே ஆகணும்ங்கிறது வெறும் பழக்கம்.

ஓநாய்ப்பிள்ளை:
இதோ வந்துட்டாங்க! நான் இதைத்தான் பயந்தேன். இன்னிக்கு ரெண்டு துண்டு கேரட்னு ஆரம்பிக்கும், நாளைக்கு நாய் தட்டுல கறியே இருக்காது.

கறுப்பிஅம்மா:
என்னை அவங்களோட ஒரே வண்டியில ஏத்தாதீங்க. பசுந்தழை, உங்க நாய்க்குப் புரதம் எங்கேருந்து கிடைக்குது? வைட்டமின் பி 12? டி? கால்சியம் கணக்கு யார் போட்டாங்க? வெறும் காயை மட்டும் போட்டு நாயை வளர்க்க முடியாது. கறுப்பி தட்டுல முக்கால்வாசி கறியும் முட்டையும்தான். காய் பக்கத்துணை. டாக்டர் அளவு எழுதிக் கொடுத்து, அதுக்கு மேல தாதுப்பொடி சேர்க்கிறேன். தின்பண்டமாக் கொடுக்கிறது எதுவா இருந்தாலும் நாள் கலோரியில பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாதுன்னு முதல் நாளே சொன்னார்.

பசுந்தழை:
உங்க அளவுக்கு நானும் டாக்டர்கிட்ட போறவதான். நாய் மேல அன்பு இருக்கிறவங்க கோழியையும் நினைச்சுப் பார்க்கணும்.

கறுப்பிஅம்மா:
அதுக்குத் தனி த்ரெட் போடுங்க. நான் பேச வந்தது கேரட்டைப் பத்தி.

சும்மாவந்தவன்:
அண்ணே, அக்கா, ஒரு சந்தேகம். வெங்காயமும் காய்கறிதானே? நேத்து வெங்காயம் நிறையப் போட்டு வேக வச்ச கறியில மீந்ததை நாய்க்குப் போட்டேன். 8 கிலோ இருக்கும். வெந்த வெங்காயம் பரவாயில்லைதானே?

மருந்துச்சீட்டு:
பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. வேக வைத்தாலும் பொடியாக்கினாலும் நஞ்சு போகாது. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாற்றம் காட்டப் போதும். 8 கிலோ நாய்க்கு 120 கிராம், அதாவது ஒரு பெரிய வெங்காயம். சாப்பிட்ட அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, சிறுநீர் செம்பழுப்பாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதிக்காதீர்கள். எப்படியும் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மக்காச்சோளக் கதிரின் நடுக்கட்டையை விழுங்கிக் குடலில் அடைத்துக்கொண்டு வரும் நாய்களை நானே பார்த்திருக்கிறேன். சிறுநீர்ப் பாதையில் கால்சியம் ஆக்சலேட் கல் வந்த நாய்க்குப் பசலைக் கீரை வேண்டாம்.

ஓநாய்ப்பிள்ளை:
இதுக்குமேல என்ன வேணும்? ஒருத்தர் "காய்கறி நல்லது"ன்னு எழுதுறார், இன்னொருத்தர் அதை நம்பி வெங்காயத்தைப் போடுறார். கறி போட்டு எந்த நாய் செத்துச்சு?

கறுப்பிஅம்மா:
அந்தத் தம்பி என் பதிவைப் படிச்சிட்டா வெங்காயம் போட்டார்? நேத்தே போட்டிருக்கார்! உங்க பதில்லதான் "காய்கறி வேஸ்ட்"னு ஒரே போடு. எது ஆகும் எது ஆகாதுன்னு ஒரு வார்த்தை உண்டா? கொழுப்புக் கறியை அள்ளிப் போட்டுக் கணைய அழற்சி வந்த நாய்களைப் பத்தி மருந்துச்சீட்டு அண்ணன்கிட்ட கேளுங்க.

இன்னொண்ணும் சொல்றேன். 2005-ல அமெரிக்காவோட பர்டூ பல்கலைக்கழகத்துல ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. அந்த இனத்துக்குச் சிறுநீர்ப்பைப் புற்று அதிகமா வரும். வழக்கமான உணவோட வாரத்துக்கு மூணு தடவையாவது காய்கறி சாப்பிட்ட நாய்களுக்கு அந்தப் புற்று குறைவா இருந்துச்சு. பச்சைக் கீரை வகையும், மஞ்சள் ஆரஞ்சு நிறக் காய்களும். ஆரஞ்சு நிறம்னா என்னன்னு நான் சொல்லணுமா?

ஓநாய்ப்பிள்ளை:
அந்த ஆய்வை நானும் படிச்சிருக்கேன். நோய் வந்த நாயோட சொந்தக்காரங்களையும் வராத நாயோட சொந்தக்காரங்களையும் கூப்பிட்டு "என்ன போட்டீங்க"ன்னு கேட்டு எழுதினது. ஞாபகத்தை நம்பிப் போட்ட கணக்கு, ஒரே ஒரு இனம். காய்கறி போடுறவங்க மத்த விஷயத்துலயும் கவனமா இருந்திருக்கலாம். அதுல கேரட் செரிச்சுதான்னு எங்கே இருக்கு? காட்டுங்க.

கறுப்பிஅம்மா:
செரிக்காத பொருள் எப்படிப் புற்றைக் குறைக்கும்? சரி, உங்க ஓநாய்க்கே வர்றேன். ஓநாய் இரையைக் கொன்னதும் முதல்ல வயித்தைக் கிழிச்சு உள்ளே இருக்கிற புல்லைத்தான் தின்னும். அதுவும் காய்கறிதானே?

ஓநாய்ப்பிள்ளை:
தப்பு. ஊர் முழுக்கச் சுத்துற கதை இது. ஓநாய்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தவங்க எழுதியிருக்காங்க: பெரிய இரையோட இரைப்பையைக் கிழிச்சு, உள்ளே இருக்கிற தழையைச் சிதறவிட்டுட்டு, இரைப்பைச் சுவரைத்தான் தின்னும். தழை அங்கேயே கிடக்கும். ஓநாய்க்கே தெரிஞ்சிருக்கு.

மருந்துச்சீட்டு:
அது சரிதான். ஆனால் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓநாய் ஒன்று புளூபெர்ரிப் பழங்களைத் தின்று வந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கோடையில் அங்குள்ள ஓநாய்கள் பழம் தின்பது வழக்கம்.

ஓநாய்ப்பிள்ளை:
பழம் காய்கறியா?

தரவுத்தம்பி:
உருளைக்கிழங்கும் இல்ல, பழமும் இல்ல. அப்போ காய்கறின்னா கேரட் மட்டும்தானா சார்?

கறுப்பிஅம்மா:
விடுங்க தம்பி. அவர் போன வருஷமும் இப்படித்தான். "தானியம் இல்லாத நாய் உணவுதான் இயற்கை உணவு"ன்னு நாப்பது பதிவு போட்டார். 2018 ஜூலையிலயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அந்த மாதிரி உணவு சாப்பிட்ட நாய்களுக்கு இதயம் வீங்குற நோய் வந்ததா புகார் வந்திருக்கு, விசாரிக்கிறோம்னு அறிவிச்சதை நான் எடுத்துப் போட்டேன். அதுக்கு அப்புறம் ஆளையே காணோம். இன்னிக்கு வரைக்கும் "ஆமா, அவசரப்பட்டுட்டேன்"னு ஒரு வரி எழுதல.

ஓநாய்ப்பிள்ளை:
காணாமப் போகல, என் நாய்க்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, அது உங்களுக்குத் தெரியாது. அந்த அறிவிப்பை முழுசாப் படிச்சீங்களா? சந்தேகப்பட்டது எதை? பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு அதிகமா இருக்கிற உணவை. பட்டாணி உங்க காய்கறிதானே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க.

கறுப்பிஅம்மா:
இப்போதானே உருளைக்கிழங்கு காய்கறி இல்லேன்னு சொன்னீங்க! நான் பட்டாணியை மூட்டை மூட்டையாப் போடச் சொல்லல. ஒரு கை வேக வச்ச பீன்ஸ், ரெண்டு கரண்டி மசிச்ச பூசணி, ஒரு கேரட். மலம் இறுகி முக்கிக்கிட்டு நின்ன கிழட்டு நாய், பூசணி போட்டதும் சுலபமா இருந்துட்டு வாலை ஆட்டிக்கிட்டு வந்துச்சு. செரிக்காத நார்தான் அந்த வேலையைச் செஞ்சது. குடல்ல இருக்கிற கிருமி அந்த நார்ல கொஞ்சத்தை நொதிக்க வச்சு குடலுக்கே தீனி போடுது. வெளியே வர்றதெல்லாம் வேஸ்ட்னா நார்ச்சத்து எதுக்கு?

உங்க நாய்க்கு உடம்பு சரியில்லைன்னு தெரியாது. அது வேற.

பசுந்தழை:
ஒரு உயிருக்கு உடம்பு சரியில்லேங்கிறார், அதையும் "வேற"ன்னு தள்ளுறீங்க.

கறுப்பிஅம்மா:
நீங்க நடுவுல வராதீங்க.

சும்மாவந்தவன்:
டாக்டர்கிட்ட பேசிட்டேன். நாளைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்னார். ஈறு இப்போதைக்குச் சிவப்பாத்தான் இருக்கு. நன்றி மருந்துச்சீட்டு சார். அப்போ கேரட் கொடுக்கலாமா கூடாதா?

ஓநாய்ப்பிள்ளை:
கொடுங்க. நாளைக்குக் காலையில குனிஞ்சு பாருங்க.

கறுப்பிஅம்மா:
வேக வச்சு மசிச்சுக் கொடுங்க தம்பி. உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், முதல்ல ஒரு ஸ்பூன் மட்டும். ரத்தம் பார்த்து முடியட்டும், அதுக்கப்புறம் கொடுங்க. நாளைக்குக் கறுப்பி வெளிக்கு இருந்ததைப் படம் எடுத்து இங்கேயே போடுறேன். ஒரு துண்டாவது தெரியுதான்னு எல்லாரும் பார்க்கட்டும்.

ஓநாய்ப்பிள்ளை:
போடுங்க. ஆரஞ்சு கலர் தெரியும், எழுதி வச்சுக்கோங்க.

கறுப்பிஅம்மா:
கலர் தெரிஞ்சா துண்டுன்னு அர்த்தமா?

ஓநாய்ப்பிள்ளை:
அப்போ கலர் மட்டும் அப்படியே வெளியே வருதுன்னு ஒத்துக்குறீங்க.