தம்பிக்கு கேமிங் கம்ப்யூட்டர்: வீட்டுக் குழுவில் நடந்த பேச்சு

வெள்ளி இரவு

தம்பி: (படம்)

தம்பி: அக்கா, இதைப் பாரேன். ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஆறு ஃபேன், எல்லாவற்றிலும் கலர் லைட். நீ தருவதாகச் சொன்ன தொகைக்குள்ளேயே வருகிறது!

அக்கா: ஐ7 சரி. எத்தனையாவது தலைமுறை? கார்டின் பெயர் என்ன?

தம்பி: அதெல்லாம் போடவில்லையே

அக்கா: பெரிய எழுத்தில் போட்டிருக்க மாட்டார்கள். படத்தைப் பெரிதாக்கி அடியில் பார்

தம்பி: ஐ7 4770. ஜிடி 730

அக்கா: வேண்டவே வேண்டாம்டா. 4770 வந்தது 2013-இல். ஜிடி 730 அதற்கு அடுத்த வருடம். அந்தக் கார்டில் 4 ஜிபி நினைவகம் இருந்து என்ன பயன்? அதை வைத்து வேலை செய்ய வேண்டிய சிப் மிகச் சின்னது. 2022-இல் வந்த ஐ3 12100எஃப்-இலும் இதே நான்கு கோர் (கணக்குப் போடும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) தான், ஆனால் இந்த ஐ7-ஐ அது சுலபமாகத் தாண்டிவிடும். ஐ3, ஐ7 என்பதைப் பார்த்து மயங்காதே, பின்னால் வரும் எண்ணைப் பார்

அக்கா: இன்னொன்று. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பிராசஸர் பட்டியலில் இந்த நான்காம் தலைமுறை இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வாங்கிய முதல் நாளே பழசாகிப் போன பெட்டி அது

தம்பி: லைட் அழகாக இருந்தது…

அக்கா: லைட் ஒட்டுப்பட்டையாகத் தனியாகவே கிடைக்கும். பிறகு நானே வாங்கித் தருகிறேன்

அப்பா: கட்டியே விற்பதை வாங்கினால் ஒரே இடத்தில் உத்தரவாதம் இருக்குமே அம்மா. தனித்தனியாக வாங்கி, நாளைக்கு ஓடவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது?

அக்கா: நியாயமான கேள்விதான் அப்பா. தனித்தனியாக வாங்கினாலும் புதிதாக வாங்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் அதைச் செய்த கம்பெனியின் உத்தரவாதம் உண்டு. கம்பெனி அட்டைப்பெட்டியில் புதிதாக வரும் ஏஎம்டி ரைசன் பிராசஸருக்கு 3 வருடம். எது பழுதோ அதை மட்டும் அனுப்பினால் போதும், முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அதோடு, கட்டி விற்கும்போது காசை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்: பவர் சப்ளை, மதர்போர்டு (எல்லாப் பாகமும் செருகும் பலகை)

மாமா: எங்கள் ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழிக்கிறார்கள் பாப்பா. ஒன்றை மாப்பிள்ளைக்கு எடுத்துத் தருகிறேன். அதில் ஒரு கார்டு மட்டும் செருகிவிட்டால் வேலை முடிந்ததே?

அக்கா: மாமா, மாடல் எண்ணும் பின்பக்கப் படமும் அனுப்ப முடியுமா?

மாமா: (படம்) ஐ5 6500. ஒல்லியான பெட்டி

அக்கா: ஒல்லிப் பெட்டியில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். பவர் சப்ளையும் சின்னது, கார்டுக்குத் தனி மின் வயரே இருக்காது. மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து மட்டும் எடுத்தால் 75 வாட்தான் கிடைக்கும். பவர் சப்ளையை மாற்றலாம் என்றால், இந்த மாதிரிப் பெட்டிகளில் கம்பெனி தனக்கென்று வைத்த கனெக்டராக இருக்கும், சாதாரணமாகக் கிடைப்பது பொருந்தாது. இதுவும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லாத ஆறாம் தலைமுறை. ஆனால் அதன் கீபோர்டு, மவுஸ், ஹார்ட் டிஸ்க் மூன்றும் நமக்குப் பயன்படும் மாமா. அந்தச் செலவு மிச்சமானால் கார்டுக்குப் போகும்

மாமா: மூன்றும் வீட்டுக்கு வந்துவிடும் 👍

சனி காலை

பெரியண்ணன்: இப்போதுதான் எல்லாம் படித்தேன். தங்கச்சி, ரைசன் 5600ஜி வாங்கிவிடு. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டை அடுத்த வருடம் போடலாம். ஒரே நேரத்தில் இவ்வளவு சுமை உனக்கு எதற்கு?

அக்கா: அதையும் யோசித்தேன் அண்ணா. வேலரன்ட், மைன்கிராஃப்ட் மட்டும் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. டேய், உன் பட்டியலைச் சொல்

தம்பி: வேலரன்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077. அப்புறம் 3டி படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளும் கற்றுக்கொள்ள வேண்டும்

அக்கா: சைபர்பங்கும் பிளெண்டரும் வந்துவிட்டால் தனிக் கார்டு இல்லாமல் ஆகாது. 5600ஜி-இல் எனக்கு இருக்கும் தயக்கம், நாளைக்குக் கார்டு போட்ட பிறகும் அது ஜி இல்லாத 5600-க்குப் பின்னால்தான் நிற்கும். 5600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி, 5600ஜி-இல் பாதி, 16 எம்பி. கார்டோடு தரவு போய்வரும் பிசிஐஇ வழி 5600-இல் 4.0, 5600ஜி-இல் 3.0. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் என்பதால் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் கேமில் வித்தியாசம் தெரிந்துவிடும்

பெரியண்ணன்: சரி, அப்படியென்றால் புது ஏஎம்5 சாக்கெட் போர்டுக்கே போய்விடலாமே? 5600 உட்காரும் ஏஎம்4, 2017-இல் முதல் ரைசன் வந்தபோதே இருந்த சாக்கெட்

அக்கா: ஏஎம்5-இல் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏறும். 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதைப் பார்த்தீர்கள் அல்லவா? நீங்கள் மாற்றியபோது கழற்றி வைத்த டிடிஆர்4 ரேம் இன்னும் இருக்கிறதா?

பெரியண்ணன்: இரண்டு 8 ஜிபி இருக்கிறது, வேகம் 3200. அலமாரியில்தான் தூங்குகிறது. எடுத்துக்கொள்

அக்கா: அண்ணா!! அப்போது ஏஎம்4 முடிவாகிவிட்டது. பின்னால் வேகம் போதவில்லை என்றால் அதே போர்டில் எட்டு கோர் 5700எக்ஸ் போட்டுக்கொள்ளலாம். இரண்டாக இருப்பதும் நல்லதுதான். ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி போட்டால் இரண்டு சேனலிலும் தரவு ஓடும்

அம்மா: எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் இருக்கிற மானிட்டர் போதுமா, அதையும் வாங்க வேண்டுமா?

அக்கா: அதுவே போதும் அம்மா. 1080பி, 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 60 படத்துக்கு மேல் அது காட்டாது, அதனால் அதற்கேற்ற கார்டு போதும் என்று நானும் நிம்மதியாகத் தேர்வு செய்யலாம்

அக்கா: என் கணக்கு இதுதான். ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, அண்ணாவின் ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு), ஆர்எக்ஸ் 6600 கார்டு, 550 வாட் நல்ல பவர் சப்ளை, காற்று போகும் சாதாரண கேபினட். மொத்தத்தில் கார்டுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. போகட்டும், கேமின் காட்சியை வரைகிற வேலை முழுக்க அதனுடையதுதான்

தம்பி: பி450 போர்டு குறைவாகக் கிடைக்கிறதே அக்கா?

அக்கா: ஆர்எக்ஸ் 6600 எட்டு பிசிஐஇ பாதை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. பி550-இல் அந்த எட்டும் 4.0 வேகத்தில் ஓடும். பி450-இல் 3.0-தான், பாதி வேகம். பல கேமில் பெரிதாகத் தெரியாது. ஆனால் கார்டின் 8 ஜிபி நிரம்பிவிட்டால் தடங்கல் தெரியும். அதோடு பழைய பி450-இல் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்காமல் 5600 எழுந்திருக்காமலும் போகலாம். நீ தனியாக உட்கார்ந்து கட்டப் போகிறாய், அந்தத் தலைவலி வேண்டாம்

சனி மாலை

தம்பி: (படம்) அக்கா, இந்தப் பவர் சப்ளை 500 வாட். நீ சொன்னதில் பாதி விலைகூட இல்லை. மிச்சத்தில் எஸ்எஸ்டி 2 டிபி வாங்கிவிடலாம்

அக்கா: அதன் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் +12வி என்ற இடத்துக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது?

தம்பி: 18ஏ (ஆம்பியர்)

அக்கா: 12-ஐ 18-ஆல் பெருக்கு

தம்பி: 216. மீதி 284 வாட் எங்கே?

அக்கா: பெரும்பாலும் பெட்டி மேல் அச்சடித்த எண்ணில் மட்டும். பிராசஸர், கார்டு இரண்டுமே 12 வோல்ட்டில்தான் மின்சாரம் எடுக்கும். கார்டு 132 வாட், பிராசஸர் 65 வாட் என்று வைத்தாலே 197. ஃபேன், டிஸ்க், மதர்போர்டு இன்னும் சேரவில்லை. கேம் ஓடும்போது கார்டு ஒரு நொடியின் சின்னப் பகுதிக்கு இதைவிட அதிகமாகவும் இழுக்கும். அந்த நேரத்தில் இந்தப் பெட்டி அணைந்துவிட்டால் நம் அதிர்ஷ்டம். அணையாமல் கெட்டால் கூட இருக்கும் கார்டையும் போர்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்

அக்கா: நான் சொன்ன 550 வாட்டின் ஸ்டிக்கரைப் பார். 12 வோல்ட்டில் 45ஏ, அதாவது 540 வாட். உண்மையான பவர் சப்ளை இப்படித்தான் இருக்கும்

தம்பி: அதில் 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) என்று இருக்கிறது. அது இருந்தால் நல்லது என்றுதானே அர்த்தம்?

அக்கா: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான சான்று அது. உள்ளே என்ன தரத்தில் கட்டியிருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. அந்த மாடலைப் பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் உனக்குச் சொன்னேன். எஸ்எஸ்டி 1 டிபியே இருக்கட்டும், மாமாவின் ஹார்ட் டிஸ்க் கூட இருக்கிறது. எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கிறேன், இதில் மாட்டேன்

அப்பா: மின்சாரம் சம்பந்தப்பட்டதில் அக்கா சொல்வதைக் கேள்

தம்பி: சரிப்பா

பெரியண்ணன்: கார்டு புதிதா, பழையதா?

அக்கா: பழையதுதான் அண்ணா. நாளை காலை விற்பவர் வீட்டுக்கே நீங்களும் தம்பியும் போக முடியுமா? கழற்றி வைத்ததைக் கையில் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கார்டின் விவரம் காட்டும் ஜிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து பெயரும் 8 ஜிபியும் சரியா என்று பாருங்கள். பழைய சிப்பில் வேறு பெயர் எழுதி விற்பவர்களும் உண்டு. அப்புறம் கனமான கேம் ஒன்றை இருபது நிமிடமாவது ஓடவிட வேண்டும். திரையில் புள்ளி, கோடு ஏதாவது தெரிகிறதா, ஃபேன் கரகரக்கிறதா, இரண்டும்தான் முக்கியம். ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள், அதை விசாரியுங்கள்

ஞாயிறு

பெரியண்ணன்: கார்டு வாங்கியாயிற்று. அரை மணி நேரம் ஓட்டினோம். ஒரு புள்ளிகூட இல்லை, 71 டிகிரியில் நின்றது. பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டான் உன் தம்பி

அக்கா: அருமை!! டேய், கட்ட ஆரம்பிக்கும் முன் சொல்கிறேன். பிராசஸரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே குறி. இரண்டையும் ஒரே மூலையில் வைத்து மேலிருந்து விடு, தானாக விழ வேண்டும். கையால் அழுத்தாதே. ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில்தான், ஒன்று வளைந்தாலும் வம்பு

தம்பி: விழுந்துவிட்டது. லீவரையும் போட்டுவிட்டேன்

அக்கா: இனி கூலர். கூட வந்த கூலருக்கு ஸ்க்ரூதான், கொக்கி கிடையாது. அதனால் போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளையும் கழற்று. கழற்றும்போது பின்பக்கத் தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொள், விட்டால் கழன்று விழும். கூலரின் அடியில் சாம்பல் நிறப் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும், விரல் படக் கூடாது. நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு

தம்பி: (படம்) இதில் அம்மாவின் கை தெரிகிறது பார். தகட்டைப் பிடித்தது அம்மாதான்

அம்மா: எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது

அக்கா: அம்மா ❤️ ரேமைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடு. பிராசஸருக்கான வயர் 4+4 என்று பிரியும், கார்டுக்கானது 6+2 என்று பிரியும். மாற்றிச் செருகப் பார்க்காதே. மானிட்டர் கேபிள் கார்டில்தான், போர்டில் இல்லை. 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது

தம்பி: அக்கா, எல்லாம் மாட்டி ஆன் செய்தேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

அப்பா: எரிந்த வாசனை எதுவும் இல்லை. பக்கத்தில்தான் நிற்கிறேன்

அக்கா: பதறாதே. போர்டின் ஓரத்தில் சின்ன விளக்குகள் நான்கு இருக்கும்: சிபியூ, டிராம், விஜிஏ, பூட். எது எரிந்தபடி நிற்கிறது?

தம்பி: டிராம்

அக்கா: ரேம் முழுதாக உட்காரவில்லை. அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, இரண்டையும் எடுத்து மறுபடி போடு. இரண்டு முனையிலும் டக் என்று கேட்கும்வரை அழுத்து. ரேமுக்குக் கொஞ்சம் பலம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்

தம்பி: வந்துவிட்டது!!!!! பயாஸ் வந்துவிட்டது!!

மாமா: சபாஷ் மாப்பிள்ளை!

அக்கா: என் தங்கமே! பிராசஸர் பெயரும் 16 ஜிபியும் காட்டுகிறதா? ரேம் வேகம் எவ்வளவு?

தம்பி: காட்டுகிறது. வேகம் 2400 என்று இருக்கிறது. அண்ணா 3200 என்றாரே

அக்கா: பயாஸில் எக்ஸ்எம்பி என்று ரேம் வேகத்துக்கான அமைப்பு ஒன்று இருக்கும், அதை இயக்கினால்தான் 3200-க்குப் போகும். பலர் இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அப்படியே செக்யூர் பூட், டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்புகள் இரண்டும் இயங்குகிறதா என்று பார். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் இவை இல்லாமல் திறக்காது

ஞாயிறு இரவு

தம்பி: விண்டோஸ், டிரைவர் எல்லாம் போட்டாயிற்று. ஜிடிஏ 5 ஓடுகிறது. 60-ஐ விட்டு இறங்கவே இல்லை அக்கா. பிராசஸர் 74 டிகிரி, பரவாயில்லையா?

அக்கா: பரவாயில்லை, 90 வரை அதற்கு அனுமதி உண்டு. சைபர்பங்கில் டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்கி வை, 8 ஜிபிக்குள் நிற்கும்

தம்பி: அக்கா, ரொம்ப நன்றி. நாளைக்கு பிளெண்டரும் இறக்குகிறேன்

அக்கா: உன் கையால் கட்டியதுடா அது. முதல் படம் செய்ததும் எனக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும்

அம்மா: சரி, கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. காலையில் எல்லாவற்றையும் போட்டுவிடட்டுமா?

அக்கா: ஐயோ அம்மா, வேண்டாம்! உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது பெட்டியும் சீரியல் எண்ணும் வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் மதர்போர்டு பெட்டிக்குள் மடித்துப் பரணில் வை. டேய், பில் எல்லாவற்றையும் படம் எடுத்து இங்கேயே போடு, இப்போதே

தம்பி: (படம்) (படம்) (படம்) (படம்)

அப்பா: எஸ்எஸ்டி பில் எங்கே?

தம்பி: தேடுகிறேன் அப்பா