'ஒதுக்கப்பட்ட தேர்தல்' என்பதற்கு மாற்றுச் சொல்

அக்கா, வணக்கம்.

சிங்கப்பூரில் ஒரு சமூகத்தவர் மட்டும் போட்டியிடும் அதிபர் தேர்தலுக்கு (reserved election), சொற்பட்டியலில் 'ஒதுக்கப்பட்ட அதிபர் தேர்தல்' என்று சேர்த்திருக்கிறீர்கள். அதை மாற்ற வேண்டுகிறேன்.

2017இல் அப்படியொரு தேர்தல் மலாய்க்காரர்களுக்கென்று வந்தபோது, இங்கே தேக்கா வட்டாரக் காப்பிக்கடையில் ஒரு பெரியவர் நாளிதழைத் தட்டிக் காட்டி, "மலாய்க்காரங்கள ஏன்பா ஒதுக்கிட்டாங்க?" என்று கேட்டார். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்தான். ஒருவருக்கென்று எடுத்து வைப்பதும் ஒதுக்குவது, ஒருவரை ஊரைவிட்டுத் தள்ளி வைப்பதும் ஒதுக்குவது. அவர் காதில் இரண்டாவதுதான் விழுந்திருக்கிறது.

சரி, 'ஒதுக்கீட்டுத் தேர்தல்' என்றால்? தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுச் சண்டை முழுவதும் கூடவே வந்துவிடும். இங்கே விழுக்காட்டுக் கணக்கே இல்லை. ஒரு சமூகத்தவர் தொடர்ந்து ஐந்து தவணை அதிபராக இல்லையென்றால், அடுத்த தேர்தலில் அச்சமூகத்தவர் மட்டும் போட்டியிடலாம். 2016 அரசமைப்புத் திருத்தம் சொல்வது அதைத்தான். வாக்கு எல்லாருக்கும் உண்டு.

முதல் அதிபர் யூசோஃப் இஷாக் 1970இல் மறைந்தபின் மலாய் அதிபரே இல்லை, நாட்டுக்கே முகமான பதவியில் எல்லா இனமும் தென்பட வேண்டும் என்றார்கள் ஆதரித்தவர்கள். தகுதி ஒன்றே போதும் என்றார்கள் எதிர்த்தவர்கள். வேலி கட்டித் தேர்ந்தெடுத்தால் வருகிறவரின் தகுதியையே சந்தேகிப்பார்களே என்று வருந்திய மலாய் நண்பர்கள் எனக்கு உண்டு. 2017 தேர்தலில் ஹலிமா யாக்கோப் போட்டியின்றித் தேர்வானதும், வாக்களிக்க முடியாமல் போன கோபமும் சேர்ந்துகொண்டது. இந்த இரு தரப்பும் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய சொல் நமக்கு வேண்டும். 'காப்புத் தேர்தல்' என்றால் ஆதரிப்பவர் பக்கம் சாய்ந்துவிடும்.

'முறைத் தேர்தல்' என்று வைக்கலாமா? தஞ்சைப் பக்கம் ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள், கடைமடைக்கும் எட்டட்டும் என்று. "முறைத் தேர்தல் வேண்டும்", "முறைத் தேர்தல் வேண்டாம்" இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். எதுவும் உறுத்தவில்லை.

*

தம்பி, அந்தப் பெரியவர் கேட்டது என்னையும் தைத்தது. 'ஒதுக்கப்பட்ட' என்பதை எடுத்துவிடுகிறேன்.

ஆனால் 'முறைத் தேர்தல்' என்றால் மற்றதெல்லாம் முறையற்ற தேர்தலா என்று கேட்பார்கள். 2023இல் எல்லா இனத்தவருக்கும் திறந்திருந்த தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்கு வாங்கி வென்றாரே, அதன்மீது இந்த நிழல் விழக்கூடாது. முன்னால் 'இன' சேர்த்தால் அந்தக் குழப்பம் தீரும். அப்புறம், முறை என்றதும் சுழற்சி என்று நினைப்பார்கள். தண்ணீர் தானாகக் கடைமடைக்குப் போய்விட்டால் முறை வைக்க வேண்டியதே இல்லை, இல்லையா? அதை விளக்கத்திலேயே சொல்லிவிடலாம். இப்படி எழுதியிருக்கிறேன், பார்:

இனமுறைத் தேர்தல்: ஒரு சமூகத்தவர் எவரும் தொடர்ந்து ஐந்து தவணை அதிபராக இல்லாதபோது மட்டும், அச்சமூகத்தவரே வேட்பாளராக நிற்க, குடிமக்கள் அனைவரும் வாக்களிக்கும் அதிபர் தேர்தல்.